எச்.ஐ.வி உள்ள பிள்ளையை லயத்தில் வைத்துக்கொள்ளலாமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறார். அக்கா மகனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது இவர்தான். பையன் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றவன். காய்ச்சலும் இருமலும் விடாமல் இருக்க, இரத்தம் சோதித்துப் பார்த்து எச்.ஐ.வி என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வரட்டுமா என்று போனில் அழுகிறானாம். வீட்டில் ஒரு காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) தான், இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. பைப்பும் கக்கூஸும் லயத்துக்கே, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள் எல்லாவற்றுக்கும், பொது. விவரம் தெரிந்தவர் என்று நம்பி ஒருவரிடம் கேட்டதற்கு, "தனியாக வையுங்கள், தட்டு கோப்பையைப் பிரித்துவிடுங்கள்" என்றிருக்கிறார். "கொரோனாவும் வைரஸ், இதுவும் வைரஸ், தொத்தாதா? என் பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது, அவனை நினைத்தால் சோறு இறங்குதில்லை" என்பது அவருடைய கேள்வி.

மலைநாட்டு மாவட்டம் ஒன்றின் பாலியல் நோய் கிளினிக்கில் நான் பல வருடம் தாதியாக இருந்தவள். இதே கேள்வியோடு வந்த சின்னம்மாமார், அண்ணன்மார், மனைவிமார் நிறையப் பேருடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். அவனைக் கூட்டி வாருங்கள். தட்டு, கோப்பை, பாய், பைப், கக்கூஸ் எதையும் பிரிக்க வேண்டாம். பிள்ளைகளை அவன் தூக்கலாம், கொஞ்சலாம், ஒரே தட்டில் பிசைந்து ஊட்டலாம். எச்.ஐ.வி இந்த வழிகளில் தொற்றவே தொற்றாது. "அநேகமாகத் தொற்றாது" என்றுகூட நான் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது வேறொன்று: அந்த இருமல். எத்தனை நாளாக இருமுகிறான்? இரண்டு வாரம் தாண்டியிருந்தால், வீட்டுக்கு வருமுன் சளியைச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி உள்ளவர்களை உலகம் முழுவதும் அதிகமாகக் கொல்வது காசநோய். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. இருமும்போது காற்றில் வரும். அடுப்புப் புகை சூழ்ந்த, ஜன்னல் திறக்காத ஒரு காம்பராவில் பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஆபத்து அதுதான். மாவட்ட மார்பு நோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இலவசம். காசநோய் என்று தெரிந்தாலும் இடிந்து போக வேண்டாம். ஆறு மாத மருந்தில் குணமாகும் நோய் அது. மருந்து ஒழுங்காகத் தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்தில் மற்றவருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள், அவன் முகக்கவசம் போடட்டும், படுக்கை இஸ்தோப்புப் பக்கம் இருக்கட்டும். அவனுக்குக் காசநோய் இருந்தால் பிள்ளைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு. சளி சுத்தம் என்று வந்துவிட்டால் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

சரி, கொரோனா கேள்விக்கு வருவோம். உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. 2020, 2021ல் ஒருவருக்குப் பொசிட்டிவ் என்றால் லயத்தையே மூடி வைத்ததை நாம் பார்த்தோம். அன்று அது தேவைப்பட்டது, ஏனென்றால் கொரோனா மூச்சுக் காற்றில் போகும் வைரஸ். ஆனால் ஒவ்வொரு வைரஸுக்கும் உடம்பில் குடியிருக்கும் இடம் வேறு, வெளியே வரும் வாசல் வேறு. எச்.ஐ.வி குடியிருப்பது இரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற எதிர்ப்புச்சக்திக் கலங்களில். அது போதிய அளவில் இருப்பது இரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவங்கள், தாய்ப்பால் இவற்றில் மட்டும். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் வழியாகத் தொற்றாது. வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறையொன்று உண்டு. சவர்க்காரம் பட்டால் அது கரையும், காய்ந்தாலும் வைரஸ் கெட்டுவிடும். ஆகவே தொற்றும் வழிகள் மூன்றே: பாதுகாப்பில்லாத உடலுறவு, இரத்தத்தோடு இரத்தம், தாயிலிருந்து பிள்ளைக்கு.

மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் என்னிடம் கட்டாயம் கேட்பது நுளம்பையும் அட்டையையும் பற்றி. நுளம்பு கடிக்கும்போது நமக்குள் செலுத்துவது தன் உமிழ்நீரை, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. எச்.ஐ.வி நுளம்பின் வயிற்றில் பெருகாது, செரித்துப் போகும். டெங்கு வைரஸ் அப்படியில்லை. அது நுளம்புக்குள்ளேயே பெருகி, ஒரு வாரம் பத்து நாளில் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்க் காத்திருக்கும். 2017ல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு டெங்கு வந்தது அந்த வழியில்தான். அட்டையும் வயிறு நிறைந்ததும் விழுந்துவிடும், வாரக்கணக்கில் மறுபடி கடிக்காது. அட்டை கடித்து எச்.ஐ.வி வந்ததாக எங்குமே பதிவில்லை.

இனி அந்தப் பைப். பொதுப் பைப்பைப் பார்த்துப் பயப்படுவதென்றால் பயப்படத்தக்க வைரஸ் ஒன்று உண்டு: ஹெப்படைட்டிஸ் ஏ. மஞ்சள் காமாலை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அதற்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் தண்ணீரில் வாரக்கணக்கில் தாங்கும். மலத்தில் வெளியேறித் தண்ணீரில் கலந்து வாய்க்குள் போகும். 2007ல் கம்பளையில் அது பரவியதை மலைநாட்டில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். லயத்துக்கு மேலே கக்கூஸ் குழியும் கீழே பீலித் தண்ணீரும் (குழாய் வழியே விழும் ஊற்றுத் தண்ணீரும்) இருக்கும் தோட்டங்களில் இந்தப் பயம் நியாயமானது. நன்றாகக் கொதித்த தண்ணீரும், கக்கூஸுக்குப் போய்வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் அதற்கு மருந்து. தண்ணீர் கொதிக்க வைப்பது அவனுக்கும் நல்லது. எதிர்ப்புச்சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் வயிற்றோட்டம் அவனைத்தான் அதிகம் வாட்டும். பார்த்தீர்களா, அந்தப் பைப்பில் பாதுகாக்கப்பட வேண்டியவன் அவன்.

பிரிக்க வேண்டிய பொருள் ஒன்றிரண்டு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். இவை எச்.ஐ.வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆளுக்கொன்றாக இருக்க வேண்டியவை. முக்கியக் காரணம் ஹெப்படைட்டிஸ் பி என்ற, ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸ். அது காய்ந்த இரத்தத்தில் ஒரு வாரம்வரை உயிரோடிருக்கும். வைத்தியசாலையில் இரத்தம் பட்ட ஊசி எங்கள் கையில் குத்திவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித் தரும் கணக்கு இது: தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி 100க்கு 30 பேர்வரை தொற்றலாம், ஹெப்படைட்டிஸ் சி 100க்கு 2 பேர் அளவில், எச்.ஐ.வி 1,000க்கு 3 பேர் அளவில். ஊசி குத்தினாலே அவ்வளவுதான். அதற்கும் 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் எடுத்தால் தடுத்துவிடலாம். உங்கள் பிள்ளைகளுக்குக் குழந்தையில் போட்ட தடுப்பூசியில் ஹெப்படைட்டிஸ் பியும் சேர்ந்தே இருக்கிறது, கிளினிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். அவனுக்கு அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் செய்யச் சொல்லுங்கள், தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போடலாம்.

நாளைக்கு அவன் தோட்டத்திலேயே வேலைக்குப் பேர் பதிந்து கவ்வாத்துக்கு (தேயிலைச் செடி வெட்ட) போனால், கத்தி பட்டுக் கையில் வெட்டு விழலாம். அப்போது மற்றவர்கள் ஓட வேண்டியதில்லை. அவனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் இறுக்கிக் கட்டட்டும். உதவுகிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் போதும். கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் தீர்ந்தது. யாருடைய இரத்தமானாலும் செய்ய வேண்டியது இதுதான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: மருந்து. 1990களின் தொடக்கத்தில் இந்த நோய்க்கு நாங்கள் தந்தது ஆறுதல் வார்த்தை மட்டும். இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. முதலிரண்டும் வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதைத் தடுக்கும். மூன்றாவது, அந்தப் பிரதி நம் கலத்தின் மரபணுவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். இலங்கையில் 2004இலிருந்து எச்.ஐ.வி சிகிச்சை அரசால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. காலத்தோடு தொடங்கி விடாமல் எடுப்பவர் கிட்டத்தட்ட மற்றவர்கள் அளவுக்கே வாழ்வார். உடம்பு மெலிந்து, சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகு வந்தவர்கள்கூட எழுந்து நடந்து வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பையன் தளர்ந்திருந்தால், முதல் சில மாதம் பொறுமை வேண்டும். காசநோயும் இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கி, பொதுவாக இரண்டு வாரத்துக்குள் இதையும் சேர்ப்பார்கள். காசநோய் மருந்திலுள்ள ரிபம்பிசின் டொலுடெக்ராவிரின் பலத்தைக் குறைக்கும் என்பதால் அந்தக் காலத்தில் அதை நாளுக்கு இரண்டு தடவையாகக் கூட்டுவார்கள். ஆகவே மார்பு கிளினிக்கில் எச்.ஐ.வியையும், எச்.ஐ.வி மருந்து தரும் பாலியல் நோய் கிளினிக்கில் காசநோயையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பார்கள். மருந்து ஒழுங்காக எடுத்தால் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் அது பரிசோதனையில் பிடிபடாத அளவுக்கு இறங்கும். அந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவு வழியாகக்கூட அவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி இருந்து துணைக்கு இல்லாத 888 ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் 58,000 தடவை ஆணுறை இல்லாத உறவு, மருந்தில் இருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றும் இல்லை என்று 2016ல் வெளியிட்டார்கள். 2019ல் 782 ஆண் ஜோடிகளிடம் பார்த்ததிலும் அதே முடிவு. படுக்கையிலேயே தொற்றாத ஒன்று உங்கள் வீட்டுக் கோப்பையில் தொற்றுமா, சொல்லுங்கள்.

அவனுக்குக் கல்யாணம் உண்டா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். உண்டு. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இருவரும் சேர்ந்து கிளினிக்கில் பேச வேண்டும், அவ்வளவே. பிள்ளையும் பெறலாம். தாய்க்கே எச்.ஐ.வி இருந்தாலும் மருந்தெடுத்தால் பிள்ளைக்கு வராமல் தடுக்க முடியும். நம் நாட்டில் கர்ப்பிணி முதல் தடவை கிளினிக்குக்குப் போகும்போதே எச்.ஐ.வி, சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் எடுப்பார்கள். அதை விடாமல் செய்ததால்தான், தாயிலிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய மிட்வைஃப்மாரின் உழைப்பு அது. அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தருவதைச் சொல்கிறேன். மலைநாட்டில் இந்த மருந்து ஒருவரிடம் தோற்பது பெரும்பாலும் வைரஸின் பலத்தால் இல்லை. கிளினிக் நாளில் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ பஸ்ஸில் போய் வர ஒரு முழு நாள் ஓடிவிடும். மாதத்துக்கு ஒரு நாள் எங்கே போகிறாய் என்று கங்காணி கேட்பார், பக்கத்துக் காம்பரா கேட்கும். இரண்டு தடவை பொய் சொல்லிவிட்டு மூன்றாவது தடவை போகாமல் விடுவார்கள். மாத்திரை விட்டு விட்டு எடுத்தால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது. அதனால் முதல் நாளே தாதியிடம் வெளிப்படையாகக் கேட்கச் சொல்லுங்கள்: நிலைமை சீரானதும் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து மருந்து தர முடியுமா, எந்தக் கிழமை வந்தால் சீக்கிரம் அனுப்புவீர்கள் என்று. பக்கத்து ஊர் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்கும் என்று கூச்சப்பட்டால் வேறு மாவட்டக் கிளினிக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். யாருடைய கடிதமும் தேவையில்லை, காசும் இல்லை. அங்கே சொன்னது வெளியே போகாது, போலீசுக்கும் போகாது, தோட்டத்து ஒப்பீசுக்கும் போகாது.

மாத்திரை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். அடுப்புக்கு மேலுள்ள பலகை வேண்டாம், சூடும் புகையும் கெடுத்துவிடும். போத்தலில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கும், மலைநாட்டு ஈரத்துக்கு அது கட்டாயம் வேண்டும், எடுத்தெறிய வேண்டாம். மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டாமல், போத்தலோடு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவனுடைய பெட்டியில் வைக்கட்டும். தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு அதைச் சேர்த்துக்கொண்டால் மறக்காது. இரவுச் சாப்பாடு நல்லது. நெஞ்செரிச்சல் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கல்சியம் எடுக்கிறானென்றால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். டொலுடெக்ராவிரோடு சேர்ந்தால் அவை மருந்தை உடம்பில் சேர விடாது, இடைவெளி விட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

குணமாக்கும் மூலிகை இருக்கிறது என்று யாராவது வருவார்கள், வராமல் இருக்க மாட்டார்கள். காசைக் கொடுக்க வேண்டாம், முக்கியமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். உலகில் எச்.ஐ.வியிலிருந்து முற்றாக விடுபட்டவர்கள் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சிலர். அவர்களில் பெரும்பாலானோர் இரத்தப் புற்றுநோய்க்காக உயிராபத்தான எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், அது எல்லோருக்கும் செய்யக்கூடியதில்லை. தடுப்பூசியும் இன்னும் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி மூலம் தொற்றைத் தடுக்கும் லெனகபாவிர் என்ற மருந்தை தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 2,134 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024ல் தெரிய வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

யாரிடம் சொல்வது? லயத்தில் யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவனுக்கும் இல்லை. அவனோடு உறவு வைத்திருந்தவர்களுக்குப் பரிசோதனை தேவை. அதைப் பெயர் வெளியே வராமல் செய்ய கிளினிக் உதவும். எப்படி வந்தது என்று மட்டும் அவனைக் கேட்டு நோண்டாதீர்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள். செய்தி கசிந்தால் ஊர் வாய் உங்கள் அக்கா பக்கம்தான் திரும்பும், வெளிநாடு போன பெண்களின் மேல் இந்தப் பழியைப் போடுவது நம் பக்கத்தில் பழகிப்போன அநியாயம். இலங்கையில் எச்.ஐ.வி என்று பதிவாகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பெற்ற தாய் வெளிநாட்டில் இருப்பதற்கும், வளர்ந்த மகனுக்குக் கொழும்பில் தொற்றியதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நாளைக்கு உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒதுக்கினால் பயந்து பின்வாங்காதீர்கள். குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பையனின் தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்ற வதந்தியால், பரிசோதனையில் பையனுக்கு எதுவும் இல்லை என்று வந்த பிறகும் பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்தன. 2016ல் அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வியைக் காரணம் காட்டிப் பிள்ளையின் கல்வியைத் தடுக்க முடியாது என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. அந்தப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது நம் கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரி. யாராவது மறுத்தால் இந்த வழக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

அவன் வரும்போது கையில் கொண்டுவர வேண்டியவை: கொழும்பில் சோதித்த தாள், உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு, இதுவரை கொடுத்த மாத்திரைகள். முதல் சோதனை மட்டும் செய்திருந்தால் அது முடிவான பதில் இல்லை, இரண்டாவதும் செய்துதான் சிகிச்சை தொடங்குவார்கள். வழியில் மூச்சுத் திணறல், விடாத தலைவலியோடு கழுத்து இறுக்கம், விழுங்க முடியாத அளவு வாய்ப்புண், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால் லயத்துக்கு வராமல் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போகட்டும். முதல் கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள், தங்கச்சி. ஒரு நாள் பேர் போகும்தான். ஆனால் பக்கத்தில் வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அடுத்த மாதமும் மருந்துக்கு வருகிறார்கள், அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.